நஞ்சு முறித்த எண்ணெய்

ஸ்ரீவில்லிபுத்தூர் தேரடிக்குப் பக்கத்தில் நாட்டு மருந்துக் கடை வைத்திருந்த வைகுண்டராஜ் என் அக்காள் பரிபூரணத்தின் கணவர். அவள் தங்கச்சி எனக்கு அத்தான். அவர் அக்காளைப் பெண் பார்க்க வந்த அன்று எங்கள் சேத்தூர் வீட்டில் எல்லோருக்கும் சுக்குக் காப்பி கொடுத்தோம். மாப்பிள்ளை மட்டும் தம்ளரை மூக்கருகே கொண்டுபோய், சுக்கின் மேல்தோலைச் சீவிவிட்டுத்தான் தட்டினீர்களா என்று கேட்டார். சீவவில்லை என்றோம். தம்ளரைக் கீழே வைத்துவிட்டார். எனக்கு வந்த கோபத்துக்கு அந்தக் காப்பியை அவர் வெள்ளை வேட்டியில் கொட்டியிருப்பேன். அக்காளோ உள்ளே போனாள். வேறு சுக்கு எடுத்துத் தோல் சீவி, தட்டிப் போட்டு, புதுக் காப்பி கொண்டுவந்து வைத்தாள். அவர் குடித்தார். கல்யாணம் நிச்சயமாகிவிட்டது.

அத்தானிடம் எதைக் கேட்டாலும் இந்தப் பாடுதான். கடுக்காய் கேட்டால் உள்ளே இருக்கிற கொட்டையை நீக்காமல் கொடுக்க மாட்டார். வாங்க வந்தவர் பஸ்ஸுக்கு நேரமாச்சு என்று காலை மாற்றி மாற்றி நின்றாலும் அவர் பாட்டுக்குச் சின்ன உலக்கையால் தட்டிக்கொண்டிருப்பார். எந்தச் சரக்கிலும் ஒரு நஞ்சு உண்டு, அதை முறித்துத்தான் கொடுக்க வேண்டும் என்பது அவர் அப்பா குருசாமி சொல்லிவிட்டுப் போனது. அந்தக் கிழவருக்குச் செய்துகொடுத்த சத்தியத்தை அத்தான் சாமி சத்தியமாகவே வைத்திருந்தார். ஆரஞ்சுப் பழத்தைக்கூட உப்புத் தண்ணீரில் அலசிவிட்டு உரிக்கிற மனிதர். நான் கேலி பண்ணினால் சிரிப்பாரே தவிர, அலசுவதை விட மாட்டார்.

அவருக்கும் அக்காளுக்கும் பிறந்த மூத்தவன் பொன்னுராஜ். காசநோய்த் தடுப்பூசி போட்ட கை ஆறவே இல்லை, அக்குளில் நெறி கட்டிச் சீழ் வைத்தது. அது வற்றினால் கழுத்தில் ஒன்று, பிறகு ஈரலில் ஒன்று. குழந்தையைத் தூக்கிக்கொண்டு அலையாத ஆஸ்பத்திரி இல்லை. கடைசியில் மதுரையில் ஒரு டாக்டரம்மாதான் இன்ன நோய் என்று கண்டுபிடித்தார். தினமும் மாத்திரை கொடுங்கள், பையன் நன்றாக வளர்வான் என்றார். அப்படியே ஆயிற்று. ஐந்து வயதில் அவன் தேரடியில் ஓடுகிற ஓட்டத்துக்கு ஈடுகொடுக்க ஆள் கிடையாது.

ஆனால் டாக்டரம்மா இன்னொன்றும் சொன்னார். இது பெரும்பாலும் தாய் வழியாக ஆண்பிள்ளைகளுக்கு வருவது என்றார். எங்கள் வீட்டில் ஒரு தம்பி இருந்தான், சிவனாண்டி. நாலு வயதில் கட்டி கட்டியாக வந்து இறந்துபோனான். அதைச் சொன்னதும் டாக்டரம்மா அதேதான் என்று தலையை ஆட்டினார். அந்தத் தலையாட்டலோடு அக்காளின் சிரிப்பு போயிற்று. அத்தானின் சொந்தக்காரர்கள் சும்மா இருப்பார்களா? விசேஷ வீடுகளில் அவள் காதுபடவே பேசினார்கள். அவள் விசேஷங்களுக்குப் போவதையே நிறுத்திக்கொண்டாள். பிள்ளைக்கு மாத்திரை கொடுக்கும்போதெல்லாம் அவனிடம் மன்னிப்புக் கேட்பதைப் போல ஒரு பார்வை பார்ப்பாள்.

எண்பத்தேழில் அவளுக்கு இரண்டாவதும் ஆண்பிள்ளை பிறந்தது. அதே தடுப்பூசி போட வேண்டும் என்று நர்ஸம்மா வாசலில் வந்து நிற்பார், அக்காள் கதவைச் சாத்திக்கொள்வாள். இவனுக்கும் அந்த நோய் இருந்தால் ஊசி போடக்கூடாது, இல்லாவிட்டால் போட்டே ஆக வேண்டும். இருக்கிறதா இல்லையா என்று தெரிந்தால்தான் எதையும் செய்ய முடியும். அதற்கு ஒரு பரிசோதனை உண்டு. நான் ராஜபாளையம் பழைய பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்த்தேன். நானே செய்கிறேன் என்று மதுரைக்குப் போய் டாக்டரம்மாவிடம் நின்றேன்.

அவர் பொறுமையாகச் சொல்லிக்கொடுத்ததை நான் எனக்குப் புரிந்த மாதிரி சொல்கிறேன். நம் ரத்தத்தில் இருக்கிற வெள்ளணு கிருமியை விழுங்கும். விழுங்கினால் மட்டும் போதாது, கொல்ல வேண்டும். அதற்காக நாம் மூச்சில் இழுக்கிற அதே பிராணவாயுவை எடுத்து, வெறியேற்றிக் கிருமியின் மேல் ஏவிவிடும். எப்போது ஏவுவது என்று அதற்கு யார் சொல்வது? கொழுப்புதான் சொல்கிறது. வெள்ளணுவின் மேல்தோலே கொழுப்பால் ஆனது. கிருமி வந்து உரசியதும் அந்தத் தோலிலிருந்து ஒரு துணுக்குக் கொழுப்பு வெட்டுப்படும். அந்தத் துணுக்குதான் சேதி. எங்கள் ஊர் மில்லில் சங்கு ஊதியதும் ஷிப்ட் ஆட்கள் அவரவர் மெஷினுக்கு ஓடுகிற மாதிரி, சேதி வந்ததும் உள்ளே ஆங்காங்கே கிடக்கிற பாகங்கள் ஓடிவந்து ஒன்றுசேர்ந்து பிராணவாயுவைக் கொளுத்த ஆரம்பித்துவிடும். பொன்னுராஜுக்குச் சங்கெல்லாம் சரியாகத்தான் ஊதுகிறது. மெஷினில் ஒரு பாகம் பிறவியிலேயே இல்லை, அவ்வளவுதான்.

பரிசோதனை இதுதான். ரத்தத்தை ஒரு மஞ்சள் சாயத்தோடு கலந்து, சங்கு ஊதிவிட வேண்டும். கொளுத்துகிற வெள்ளணுவாக இருந்தால் அந்த மஞ்சள் அதற்குள்ளே கருநீலமாக மாறும். கொளுத்தாவிட்டால் மாறாது. சங்கு ஊதுவதற்கு என்று ஒரு வெளிநாட்டு மருந்து உண்டு. அந்தக் கொழுப்புத் துணுக்கைப் போல வேஷம் போட்டு வெள்ளணுவை ஏமாற்றுகிற மருந்து. அது டாக்டரம்மாவிடம் தீர்ந்துபோயிருந்தது. அடுத்தது வர மாசக்கணக்காகும். நான் முகத்தைத் தொங்கப்போட்டதைப் பார்த்துவிட்டு, அந்த மருந்தை எதிலிருந்து எடுக்கிறார்கள் தெரியுமா, உங்கள் நேர்வாளக் கொட்டையின் எண்ணெயில் இருந்துதான் என்றார். சுத்தமான நேர்வாள எண்ணெய் கிடைத்தால் துளியிலும் துளி போட்டுப் பார்க்கலாம், கூடவே நோயில்லாத ஒருவர் ரத்தத்தையும் வைத்துப் பார் என்று சொல்லிச் சாயத்தைக் கொடுத்து அனுப்பினார்.

நேர்வாளம் என்றால் எங்கள் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும், பேதிக்குக் கொடுப்பது. வீட்டிலேயே மருந்துக் கடைக்காரர் இருக்கும்போது வேறு எங்கே போவது? அத்தானிடம் சொன்னபோது அவருக்கு வந்த பெருமையைப் பார்க்க வேண்டுமே. தன் கடைச் சரக்கு மைக்ராஸ்கோப்புக்குக் கீழே போகப்போகிறது என்று தேரடியில் பாதிப் பேருக்குச் சொல்லிவிட்டார். அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்குள் சின்னக் கண்ணாடிக் குப்பியில் பொன்நிறமாக எண்ணெய் தயாராக இருந்தது. குப்பியின் கழுத்தில் மஞ்சள் துணிவேறு கட்டியிருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை கூடம் விடுமுறை. காலையில் ஸ்ரீவில்லிபுத்தூர் போய்ப் பிள்ளையின் ரத்தத்தையும், நோயில்லாத ஆளுக்கு அத்தானுடைய ரத்தத்தையும் உறையாமலிருக்க மருந்து போட்ட குழாய்களில் எடுத்தேன். அக்காள் பிள்ளையோடு வீட்டில் இருந்துகொண்டாள். அத்தான் இரண்டு குழாய்களையும் சட்டைப் பையில் வைத்து, மேலே கையையும் பொத்திக்கொண்டு என்னோடு ராஜபாளையத்துக்குப் பஸ் ஏறினார். உட்கார இடம் கிடைத்தும் உட்காரவில்லை. குழாய் நசுங்கிவிடுமாம்.

சாயம் சேர்த்தேன், எண்ணெயைக் கரைத்துத் துளியிலும் துளி விட்டேன், சூட்டுப் பெட்டியில் வைத்து எடுத்தேன். முதலில் பிள்ளையுடையது. தேடித் தேடிப் பார்த்தேன், ஒரு வெள்ளணுகூட நீலமாகவில்லை. அத்தானுடையதை வைத்தேன். அதிலும் ஒன்றுமே இல்லை.

ரெண்டும் மாறவில்லை அத்தான் என்று சொல்லிவிட்டேன். யோசித்துப் பேசுகிற வழக்கம் எனக்கு எந்தக் காலத்திலும் கிடையாது. அவர் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். கண்ணில் தண்ணீர் வந்தது. பிள்ளைக்கும் இருக்கிறது என்று அழுகிறார் என்று நினைத்தேன். அழுதார்தான். ஆனால் அதே முகத்தில் ஒரு வெளிச்சம் வந்ததையும் பார்த்தேன்.

"அப்ப எங்கிட்ட இருந்துதான் வந்திருக்கு," என்றார். "பரிபூரணத்துக்கிட்ட இருந்து இல்ல. என்னா?"

இருங்கள், இன்னொரு தடவை பார்க்கிறேன் என்றேன். அவர் எழுந்துவிட்டார்.

"மூத்தவனை வளக்கல? மாத்திரை குடுத்து இவனையும் வளத்துருவேன். அத விடு. இம்புட்டு வருஷமா அவ குனிஞ்ச தலை நிமிரலம்மா. நான் போயி அவகிட்டச் சொல்லணும்."

செருப்பைக்கூடச் சரியாக மாட்டாமல் போய்விட்டார். தன் மேல் பழி விழுந்ததற்குப் பஸ் பிடிக்க ஓடின ஆளை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

அவர் போன பிறகுதான் எனக்குப் புத்தி வந்தது. நாற்பது வயது மனிதர், உடம்பில் ஒரு கொப்புளம் வந்து பார்த்ததில்லை. அவருக்காவது இந்த நோயாவது. என் விரலைக் குத்தி என் ரத்தத்தையே வைத்துப் பார்த்தேன். அதுவும் மாறவில்லை. ஆக ஊரில் எல்லோருக்கும் அந்த நோய் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் எண்ணெயில் ஏதோ கோளாறு. அடுத்த பஸ்ஸைப் பிடித்தேன்.

நான் போனபோது அத்தான் வீட்டுக்குள் பொன்னுராஜோடு பேசிக்கொண்டிருந்தார். அக்காள் பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கண் கலங்கித்தான் இருந்தது. ஆனால் முதுகு நிமிர்ந்து, சுவரில் சாய்ந்து, வீட்டுக்காரியைப் போல உட்கார்ந்திருந்தாள். அவளை அப்படிப் பார்த்து எத்தனையோ காலமாகிவிட்டது. அவள் முன்னால் ஒன்றும் சொல்லாமல் அத்தானை முன்கட்டில் இருந்த கடைக்குக் கூப்பிட்டுப்போய், எண்ணெயை எப்படி எடுத்தீர்கள், ஒன்று விடாமல் சொல்லுங்கள் என்றேன்.

இது ஒரு கேள்வியா என்று அவர் உற்சாகமாக ஆரம்பித்தார். கொட்டையை உடைத்து, பருப்பைப் பிளந்து, நடுவில் இருக்கிற முளையைக் கிள்ளியாயிற்று. துணியில் முடிந்து பசுஞ்சாணித் தண்ணீரில் அவித்தாயிற்று. கழுவி உலர்த்தி, எலுமிச்சம்பழச் சாற்றில் வறுத்தாயிற்று. பச்சைப் பிள்ளைக்கான காரியம் ஆயிற்றே என்று ஒருமுறைக்கு இரண்டுமுறை அவித்தாராம். அதற்குப் பிறகுதான் எண்ணெய் எடுத்தாராம்.

நான் தலையில் அடித்துக்கொண்டேன். "அத்தான், எனக்கு வேண்டியதே அந்த நஞ்சுதான். அதுதான் வெள்ளணுவை ஏமாத்தும். அத ரெண்டு வாட்டி அவிச்சுக் கொன்னுட்டு, குப்பிக்கு மஞ்சத் துணிவேற கட்டிக் குடுத்திருக்கீங்களே."

நான் சுத்தமான எண்ணெய் என்று கேட்டது வேறு எதுவும் கலக்காத எண்ணெயை. அவர் வீட்டில் மூன்று தலைமுறையாகச் சுத்தம் என்றால் நஞ்சு முறித்தது. அவர் மேல் எப்படிக் கோபப்படுவது? கோபப்பட்டேன்தான், அது வேறு. அவிக்காமல் புதிதாக எடுத்துத் தாருங்கள் என்றேன். முகம் சுருங்கிவிட்டது. முறிக்காத நேர்வாள எண்ணெய் இந்தக் கல்லாவைத் தாண்டிப் போகக்கூடாது என்பது அப்பாவுக்குச் செய்த சத்தியம் என்றார். வாயில் போடப்போவதில்லை, கண்ணாடியில்தான் விடப்போகிறேன் என்று மன்றாடினேன். அப்போதும் முடியாது என்று தலையை ஆட்டினார். உங்கள் பிள்ளைக்கு ஊசி போடலாமா வேண்டாமா என்று உங்கள் அப்பாவையே கேட்டுச் சொல்லுங்கள் என்று கத்திவிட்டேன்.

செத்த நேரம் கல்லாவையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு, "எண்ணெய்தான் கல்லாவைத் தாண்டக்கூடாது. கொட்டை முழுசா தாண்டலாம்லா," என்றார்.

மறுநாள் கொட்டைகளை மூட்டை கட்டிக்கொண்டு ராஜபாளையம் வந்து, பரிசோதனைக் கூடத்தின் பின்முற்றத்தில் உட்கார்ந்து அங்கேயே நசுக்கிப் பிழிந்து கொடுத்தார். கையில் துணியைச் சுற்றிக்கொள்ளுங்கள் என்று நான் சொன்னதைக் கேட்கவில்லை. பழக்கமே இல்லையே, அந்தக் குடும்பத்தில் முறிக்காத நேர்வாளத்தைப் பிழிந்த முதல் ஆள் அவர்தான். சாயங்காலத்துக்குள் உள்ளங்கையும் விரல்களும் சிவந்து, கொப்புளித்து, இட்லியாக உப்பிவிட்டன. உங்கள் கைக்குள் இப்போது வெள்ளணுவெல்லாம் கூட்டம் கூடிச் சங்கு ஊதிக்கொண்டிருக்கும் என்று சொல்லி மருந்து தடவினேன். அப்படியானால் எனக்கு வேலை செய்கிறது என்று தெரிந்துவிட்டதா என்று கேட்டார், குரலே இறங்கிப்போய். வீக்கத்தை வைத்துச் சொல்ல முடியாது, நீலம்தான் சொல்லும் என்றேன். அவருக்குக் கொஞ்சம் நிம்மதி. நோய் இல்லாமல் போய்விடுமோ என்று பயந்த மனிதர்.

அடுத்த ஞாயிறு மறுபடி இரண்டு குழாய் ரத்தம். பிள்ளையுடையதை வைத்துக் குனிந்து பார்த்தேன். ஐயோ, அந்த நீலம்! சாயங்கால மேகம் கறுத்த மாதிரி, பார்த்த வெள்ளணுவெல்லாம் கருநீலம். நான் சத்தம் போட்டுச் சிரித்தேன். அவரைப் பிடித்து இழுத்து மைக்ராஸ்கோப்பில் பார்க்கச் சொன்னேன். கட்டுப் போட்ட கையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு பார்த்தார், பார்த்துக்கொண்டே இருந்தார். இம்புட்டா, இம்புட்டா என்று அதையே சொன்னார். கண்ணாடியில் ஒட்டின நீலத்துக்கு ஒரு மனிதர் கும்பிடு போட்டதை நான் என் கண்ணால் பார்த்தேன்.

பிறகு அவருடையதை வைத்தேன். அதுவும் முழு நீலம். சொன்னேன். அவர் ஜன்னல் பக்கமாகத் திரும்பிக்கொண்டார்.

"பிள்ளை சேதிய ஒங்க அக்காகிட்டச் சொல்லு," என்றார். "என்னோடத சொல்லாத."

"பொய் சொல்லச் சொல்றீங்களா அத்தான்?"

"பொய் வேண்டாம். சும்மா இருந்தாப் போதும். ஒனக்கு அது கஷ்டந்தான், தெரியும். இந்த ஒரு வாரமா அவ முகத்தைப் பாத்தியா நீ?"

பார்த்திருந்தேன். சும்மா இருப்பதாக ஒத்துக்கொண்டேன்.

அன்று சாயங்காலம் தேரடி வீட்டில் நடந்த கூத்தைச் சொல்லி முடியாது. அத்தான் பால்கோவாவைக் கிலோக்கணக்கில் வாங்கிவந்து தெரு முழுக்கக் கொடுத்தார். பொன்னுராஜ் தனக்கு மூன்று பங்கு எடுத்துக்கொண்டான். போகிற போக்கில் நர்ஸம்மாவையே கூப்பிட்டு, நாளைக்கே ஊசியோடு வாங்க, கதவு திறந்திருக்கும் என்று அத்தான் சொன்னார். பிள்ளைக்குக் குருசாமி என்று கிழவர் பேரையே வைப்பதென்று அங்கேயே முடிவாயிற்று. சத்தியத்தில் ஓட்டை போட்டதற்குச் சமாதானம் போலிருக்கிறது என்று நான் சொன்னேன், அவரும் சிரித்தார்.

அக்காள் அடுப்படியில் சுக்குக்குத் தோல் சீவிக்கொண்டிருந்தாள். நான் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவள் கத்தியை நிறுத்தாமலே கேட்டாள்.

"ஏட்டி சுந்தரம், அவிய ரத்தமும் நீலமாத்தானே இருந்துச்சு?"

நான் கொடுத்த வாக்கை நினைத்து வாயை மூடிக்கொண்டிருந்தேன். வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. அக்காள் என்னைப் பார்த்துச் சிரித்தாள். முழுச் சிரிப்பு, பல் தெரிய.

"நீ வாய மூடிட்டு இருக்கதே சொல்லுதே. போன வாரம் ஓடி வந்து சொன்னாவளே, அப்பவே தெரியும். முள்ளு குத்துனா மறுநா ஆறிப்போற ஒடம்பு அவியளுக்கு. அவியளுக்கா நோயி? எல்லாம் என் வழியாத்தான் வந்துச்சு."

"தெரிஞ்சும் ஏன்க்கா சும்மா இருந்த?"

சீவிய தோலை ஓரமாக ஒதுக்கினாள்.

"ஊரே அந்தப் பழிய எம்மேல தள்ளிட்டு இருந்தப்ப, ஒரு மனுசன் எனக்குக் குடு, எனக்குக் குடுன்னு செருப்பு மாட்டாம ஓடி வந்தாவட்டி. அதுக்கப்பறம் அது எங்கிட்ட இருந்தா என்ன, இல்லாட்டி என்ன? அவிய ஆசைக்கு வச்சுக்கிடட்டும். நீ சொல்லிராத."

இப்படி இரண்டு பக்கமும் எனக்கு வாய்ப்பூட்டு போட்டார்கள். அதற்குப் பிறகு அக்காள் எல்லா விசேஷ வீட்டுக்கும் போனாள். முன்வரிசையில் உட்கார்ந்தாள். யாராவது பழைய பேச்சை எடுத்தால் அத்தான் முந்திக்கொண்டு, அது என் வழியில் வந்தது என்று நெஞ்சைத் தொட்டுச் சொல்லுவார். அக்காள் ஆமாம் என்று தலையை ஆட்டுவாள். எனக்குத்தான் நாக்கு அரிக்கும்.

தொண்ணூற்றேழில் பொன்னுராஜ் கல்லூரிக்குப் போனான், மாத்திரை டப்பாவோடும் அப்பாவின் ஆரஞ்சு கழுவுகிற பழக்கத்தோடும். அவனை விடுதியில் விட்டுவிட்டு வந்த அன்று எல்லோரும் தேரடி வீட்டில் இருந்தோம். வளர்ந்த பிள்ளை, நோயின் விவரமெல்லாம் டாக்டரம்மாவிடம் கேட்டுத் தெரிந்து வைத்திருந்தான். யார் வழியில் வரும் என்பதும் அவனுக்குத் தெரியாமல் இருக்காது. அதனால் நான் அத்தானிடம் மெதுவாகக் கேட்டேன், எப்போதாவது பையன் உங்களிடம் அதைப் பற்றிக் கேட்டானா என்று.

"நான் திரும்ப பஸ் ஏறும்போது கேட்டான்," என்றார். "எங்கிட்ட இருந்துதான்னு சொன்னேன். ஆமாப்பா, எனக்கும் தெரியும்னு சொல்லிக் கட்டிப்பிடிச்சுக்கிட்டான்."

அடுப்படியிலிருந்து அக்காள் காப்பி கொண்டுவந்தாள். அவர் தம்ளரை மூக்கருகே கொண்டுபோய், தோல் சீவினாயா என்று கேட்டார். இல்லை என்றாள் அவள். அவர் அவளை ஒரு பார்வை பார்த்தார், பிறகு அப்படியே குடித்தார்.